இங்கிட்டு என்றால் எங்கிட்டு

ஆத்மநாதன் எட்டு வருஷமாக ஆக்டிங் குமாஸ்தா. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு சின்ன முன்சீப் கோர்ட்டில், சாட்சிகள் வாயால் சொல்வதைத் தாளில் எழுதுவது அவருடைய வேலை. எந்த ஊர்க் கோர்ட் என்று கேட்க வேண்டாம். இலுப்பூரிலிருந்து விடியற்காலையில் வண்டி கட்டினால் கோர்ட் கூடுவதற்குள் போய்ச் சேரலாம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த வேலையில் முன்பு இருந்தவர், காசிக்குப் போய்வருகிறேன் என்று ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். இறந்துவிட்டார் என்று தகவல் வந்தால் இடம் காலி என்று எழுதலாம். உயிரோடு இருக்கிறார் என்று தகவல் வந்தால் வேலையைவிட்டு நீக்கலாம். கங்கைக் கரையிலிருந்து இரண்டில் ஒரு தகவலும் வரவில்லை. அவர் வரும்வரைக்கும் சும்மா உட்காரு என்று உட்கார வைக்கப்பட்ட ஆத்மநாதனுக்கு இப்போது முப்பத்து நாலு வயதாகி, முன்மண்டையில் வழுக்கையும் விழுந்துவிட்டது.

"ஆக்டிங்" என்றால் நடிப்பு என்று அவர் மனைவி சொர்ணவல்லிக்கு யாரோ புண்ணியவான் அர்த்தம் சொல்லிக் கொடுத்துவிட்டார். "கூத்துக் கட்டுறவன்கூட விடிஞ்சா வேசத்தக் கலச்சுப்புடுறான். எட்டு வருசமா வேசத்தோட திரியிற ஆளு எங்க வீட்டு ஆளுதான்" என்று கிணற்றடியில் சொல்லிச் சிரிப்பாள். வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விடும்.

1938-ஆம் வருஷம் ஆடி மாதத்தில்தான் கதவு கொஞ்சம் திறந்தது. காசிக்குப் போனவரை இனி எதிர்பார்ப்பதில்லை என்றும், முன்சீப் நல்ல குறிப்பு எழுதி அனுப்பினால் ஆக்டிங்கில் இருப்பவரை நிரந்தரமாக்கலாம் என்றும் புதுக்கோட்டைப் பெரிய ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. முன்சீப் எழுத வேண்டியது ஒரே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்துக்காக ஆத்மநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

முன்சீப்பிடம் அவருக்குக் கெட்ட பெயர் இல்லை. கையெழுத்து கோர்த்த மணி போல இருக்கும். வேகமும் உண்டு. ஒரே ஒரு தொந்தரவு, காதில் விழுந்ததெல்லாம் தாளில் ஏறிவிடும். பாகப் பிரிவினை வழக்கொன்றில், "என் தகப்பனார் இறந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு, ஓய் வெத்தலை இருக்கா, இருக்கு சுண்ணாம்புதான் இல்லை, பிறகு சித்தப்பாதான் வளர்த்தார்" என்று எழுதியிருந்தார். நடுவில் இருப்பது இரண்டு வக்கீல்கள் பேசிக்கொண்டது. "அதை ஏய்யா எழுதுனே?" என்று ஹெட்கிளார்க் திருப்பதி கேட்டதற்கு, "கேட்டுச்சுங்களே" என்றார் ஆத்மநாதன்.

இப்படி இருக்கையில் மேல்கோர்ட்டிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. அன்றைக்குப் பார்த்து முன்சீப் லீவு. வருவதற்கு மூன்று நாளாகும். தபாலைப் பிரித்தவர் திருப்பதி.

திருப்பதிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஃபாரங்களில் அச்சடித்திருக்கும் இங்கிலீஷ் அத்தனையும் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் ஃபாரம் இல்லை, டைப் அடித்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, பிறகு நெற்றிக்கு ஏற்றி, இரண்டு தரம் படித்தார்.

"ஏய்யா ஆத்மநாதா, இங்கிட்டு வா. ஒம் பேரு போட்டிருக்கு."

ஆத்மநாதன் பேனாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "என் பேரா? எதுக்குங்க?"

"டிரான்ஸ்கிரிப்ட்டுன்னு போட்டிருக்கு. நாலு எடத்துல போட்டிருக்கு."

"அப்படின்னா என்னங்க?"

"டிரான்ஸுன்னு ஆரம்பிச்சா ஆபீசுல ஒரே வார்த்தைதான். டிரான்ஸ்பரு. அதைக் கொஞ்சம் மரியாதையா எழுதியிருக்கான்." கடிதத்தில் இன்னொரு வார்த்தையைத் தொட்டுக் காட்டினார். "இந்தா பாரு, டைரக்‌ஷன். அப்படின்னா திசை. எந்தத் திசைன்னு ஒன்னையே கேட்டு ஒடனே எழுதச் சொல்லியிருக்கான். இத்தனை வருசத்துல யாருக்கும் இந்த மரியாதை கெடச்சதில்லைய்யா."

ஆத்மநாதன் வீட்டுக்குப் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். சொர்ணவல்லியோ விஷயத்தைக் கேட்டதும் பூரித்துப் போனாள். அவள் பிறந்த வீடு திருமயத்துக்குப் பக்கம்.

"வடக்க கீரனூரு, கெழக்க ஆலங்குடி, தெக்க திருமயம். இதுல யோசிக்க என்னங்க இருக்கு? தெக்கன்னு எழுதிக் குடுங்க" என்றாள். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அண்டாவுக்குள் குத்துவிளக்கையும் உழக்கையும் வைத்துக் கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுச் செங்கமலத்துக்கு அம்மியைக் கொடுத்துவிடுவதாக வாக்கும் கொடுத்தாயிற்று.

முன்சீப் லீவு முடிந்து வந்த அன்று, ஆத்மநாதன் தன் கையால் எழுதிய விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தார். "மகாராஜராஜஸ்ரீ முன்சீப் அவர்கள் சமூகத்துக்கு. மேல்கோர்ட்டார் கேட்டிருக்கும் விஷயத்தில், தெற்குத் திசையே எனக்குச் சம்மதம். குடும்பத்தாரும் அதையே விரும்புகிறார்கள்."

முன்சீப் படித்தார். பக்கத்தில் கிடந்த மேல்கோர்ட் கடிதத்தையும் படித்தார். மறுபடி விண்ணப்பத்தைப் படித்தார்.

"தெற்கா?" என்றார். "கிழக்குன்னு ஒரு கட்சி சொல்றது. மேற்குன்னு இன்னொரு கட்சி சொல்றது. நீர் எங்கேருந்தய்யா தெற்கைக் கொண்டு வந்தீர்? அதுல உம்ம குடும்பத்துக்கு என்ன விருப்பம்?"

ஆத்மநாதன் திருப்பதியைப் பார்த்தார். திருப்பதி கூரையில் ஓடும் பல்லியைப் பார்த்தார்.

விஷயம் பிறகுதான் விளங்கியது. டிரான்ஸ்பரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போன தை மாதம் நடந்த ஒரு எல்லைக்கல் வழக்கு. கிழக்கே மீனம்மாள் புஞ்சை, மேற்கே பெரியண்ணன் புஞ்சை. நடுவில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு கிணறு. கண்மாய் உடைந்த வருஷத்தில் வெள்ளம் எல்லைக்கல்லைக் கொண்டுபோய்விட்டது. கல் மரத்துக்கு மேற்கே இருந்தது என்றால் கிணறு மீனம்மாளுக்கு. கிழக்கே இருந்தது என்றால் பெரியண்ணனுக்கு. அந்தக் கல்லின்மேல் முப்பது வருஷம் உட்கார்ந்து ஆடு மேய்த்த மூக்கன்தான் சாட்சி. அவன் சொன்னதை நம்பி முன்சீப் மீனம்மாளுக்குத் தீர்ப்புச் சொன்னார். பெரியண்ணன் மேல்கோர்ட்டுக்குப் போனான்.

மேல்கோர்ட்டில் மூக்கன் வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்தால், அதில் ஆத்மநாதனின் முத்து முத்தான கையெழுத்தில் இப்படி இருந்தது:

"கல்லு மரத்துக்கு இந்தா இங்கிட்டுத்தான் சாமி கிடந்துச்சு. அங்கிட்டு ஒரு நாளும் கிடக்கல. இங்கிட்டுக் கிடந்த கல்லை அங்கிட்டுன்னு சொன்னா என் ஆடு கூடச் சிரிக்கும்."

இங்கிட்டு என்றால் எங்கிட்டு? மூக்கன் கையை நீட்டிக் காட்டியிருக்கிறான். கை தாளில் ஏறவில்லை. மூக்கனையே கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் அவன் சித்திரையிலேயே செத்துப்போனான்.

"டிரான்ஸ்கிரிப்ட்டுன்னா என்னன்னு தெரியுமா?" என்று முன்சீப் கேட்டார். கோபத்தில் அவர் குரல் இறங்கிப் போகும், ஏறாது. "வாயிலேருந்து வர்றதைத் தாளுக்குக் கொண்டுபோறது. உங்க ஊர்ப் பேச்சிலேயே சொல்றேன், இங்கிட்டிருக்கிறதை அங்கிட்டுக் கொண்டுபோய்ச் சேக்கறது. ஆட்டைக் கொண்டுபோய்ச் சேத்திருக்கீர். திசையைக் கோட்டை விட்டுட்டீர். சாட்சி கை காட்டினா, 'மேற்கே காட்டுகிறார்'னு எழுதணும்னு யாரும் சொல்லலியா?"

"ஐயா குறிப்புல இருக்குமுங்களே" என்றார் திருப்பதி, நிலைமையைச் சமாளிக்க.

முன்சீப் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். சாட்சி விசாரணையின்போது அவரும் இங்கிலீஷில் குறித்துக்கொள்வது வழக்கம். பக்கத்தைத் தேடிப் படித்தவர், சத்தம் போடாமல் மூடி வைத்தார். "கல் இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் இல்லை" என்று அதில் சுத்தமான இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"நான் மீனம்மாளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கேன். ஆகையினால அவன் மேற்கேதான் காட்டியிருக்கணும்" என்றார். "ஆனா, தீர்ப்பு அப்படி, அதனால சாட்சி அப்படின்னு மேல்கோர்ட்டுக்கு எழுத முடியாது. அன்னிக்கு எனக்குத் தெளிவா இருந்தது. இன்னிக்கு அந்தத் தெளிவு மட்டும்தான் ஞாபகத்துல இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை, அன்னிக்குக் கோர்ட்டில் இருந்தவங்களை விசாரிச்சு அனுப்பச் சொல்லியிருக்கு. முதல் சாட்சி நீர்தான்."

வெளியே வந்ததும் திருப்பதி ஆத்மநாதனை நெல்லிமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "கேட்டியா? ஐயா வாயாலயே சொல்லிட்டாரு. மேக்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கு. ஐயா தீர்ப்பு நிக்கும். அந்தப் பொம்பளைக்குக் கெணறு நிக்கும். ஒனக்கு வேலை நிக்கும். யாருக்குய்யா நட்டம்?"

"நான் பாக்கலையேங்க."

"பாக்கலன்னா?"

"மூக்கன் பேசப் பேச எழுதிக்கிட்டே இருந்தேன். தலையைத் தூக்குனா ரெண்டு வார்த்தை போயிடும். காதுதான் அங்கன இருந்துச்சு, கண்ணு பூரா தாள்லதான்."

திருப்பதி அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாத்திருந்தா மேக்கத்தானே பாத்திருப்பே?"

"பாத்திருந்தா அப்படித்தாங்க இருக்கும்."

"அப்ப அதைச் சொல்லித் தொலையேன்!"

சொர்ணவல்லியும் அதைத்தான் சொன்னாள். திருமயம் கைவிட்டுப் போன ஆத்திரம் வேறு சேர்ந்துகொண்டது. அண்டாவை அவிழ்த்துக் குத்துவிளக்கை வெளியே எடுத்து வைத்துக்கொண்டே பேசினாள். "ஊரு ஒலகத்துல கண்ணால பாத்தவனே பாக்கலன்னு சொல்லிட்டுப் போறான். நீங்க நெசத்தைத்தான சொல்லப் போறீங்க? கல்லு மேக்க இருந்துச்சு, அது நெசம். மூக்கன் மேக்க காட்டுனான், அதுவும் நெசம். பாத்தேங்குறது ஒன்னுதான் பொய்யி. மூனுல ஒன்னு!"

ஆத்மநாதனுக்கு அவள் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அவ்வளவு பெரிய தர்மிஷ்டரும் இல்லை அவர். பயம்தான். எட்டு வருஷமாகத் தன் காதில் விழாத ஒரு சொல்லைக்கூட அவர் தாளில் எழுதியதில்லை. அதை முதல் தடவையாகச் செய்தால் கை எப்படி நகரும் என்றே அவருக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் கூட்டம் நெரிந்தது. செத்துப்போன மூக்கனுக்காக விசாரணை நடக்கிறது என்றால் யார் வீட்டில் இருப்பார்கள்? முன் வரிசையில் மீனம்மாள், முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு. மறுபக்கம் பெரியண்ணன், புதுக்கோட்டையிலிருந்து கூட்டி வந்த வக்கீலோடு.

ஆத்மநாதன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். அப்போதுதான் முன்சீப்புக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. சாட்சி சொல்வதை யார் எழுதுவது? திருப்பதிக்குக் கண்ணில் புரை. அந்தக் கோர்ட்டில் எழுத ஆத்மநாதனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"நீரே எழுதும்" என்றார் முன்சீப்.

கூண்டின் கட்டைமேல் தாளை விரித்து, மைக்கூட்டைச் சாயாமல் வைத்து, ஆத்மநாதன் குனிந்தார். குனிந்த பிறகு அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"மூக்கன் எந்தத் திசையில் கையைக் காட்டினான்?" என்றார் முன்சீப்.

கேள்வியை எழுதினார். "பதில்" என்று எழுதினார். பேனா நின்றது. அடுத்த சொல்லை அவரே சொன்னால்தான் அவர் எழுத முடியும். முன்சீப்பின் மேஜையில், மைக்குடுவைக்குப் பக்கத்தில், அவரைப் பற்றி எழுத வேண்டிய அந்த ஒரு பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. சொர்ணவல்லியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"நான் பாக்கலைங்க" என்றார். சொன்னதை எழுதினார்.

திருப்பதி நெற்றியில் அறைந்துகொண்ட சத்தம் கேட்டது.

பெரியண்ணனின் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். எழுந்தார். "எட்டு வருஷத்தில் எத்தனை சாட்சிகளை எழுதியிருப்பீர்?"

"ரெண்டாயிரத்துக்கு மேல இருக்குமுங்க."

"அதில் எத்தனை பேர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்?"

ஆத்மநாதன் கேள்வியை எழுதி முடித்துவிட்டு யோசித்தார். "எழுதறப்ப ஒருத்தர் முகத்தையும் பாத்ததில்லைங்க."

கோர்ட் முழுக்கச் சிரித்தது. பெரியண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தான். "சைலன்ஸ்! இது கோர்ட்டா, சந்தையா?" என்றார் முன்சீப். பேனா அதையும் எழுதியது. "அதை எழுதாதீர்" என்றார். அதுவும் ஏறியது. முன்சீப் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இறங்கி உம்ம இடத்துக்குப் போம். அடுத்த சாட்சியையாவது நிமிர்ந்து பார்த்து எழுதும்."

அடுத்த சாட்சி பெரியண்ணன்.

பெரியண்ணனுக்கு ஒரு திறமை உண்டு. ஐயனார் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு வருஷமும் கூத்து முடிந்ததும், ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவான். மணியக்காரர் கனைப்பது, பூசாரி சாமி வந்து ஆடுவது, மீனம்மாள் மாட்டை ஏசுவது, எல்லாம் வரும். சம்பந்தப்பட்டவர்களே பார்த்துச் சிரிப்பார்கள். கூத்தைவிட அதற்குத்தான் கூட்டம் என்று அவனுக்கும் தெரியும்.

வக்கீல் சொல்லிக் கொடுத்தபடியே ஆரம்பித்தான். "மூக்கன் கெழக்காமத்தான் கையைக் காட்டுனானுங்க. நான் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"பொய்யி! பச்சைப் பொய்யி சாமி!" என்று மீனம்மாள் எழுந்துவிட்டாள். அவளை உட்கார வைத்தார்கள்.

ஆத்மநாதன் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பெரியண்ணன் முகத்தையே பார்த்தார். தாளைப் பார்க்காமல் எழுதியதில் வரி கோணலாக இறங்கிக்கொண்டு போனது. அது அவருக்கு உயிர் போகிற வேதனை.

முன்சீப் சாய்ந்து உட்கார்ந்தார். "கிழக்கேன்னு நீ சொல்றே. மூக்கன் எப்படிச் சொன்னான்? அவன் வார்த்தையைச் சொல்லு."

"எப்படிச் சொன்னான்னா... அவன் மாதிரியேவா சாமி?"

"அவன் மாதிரியேதான்."

பெரியண்ணன் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தான். அத்தனை முகமும் அவனையே பார்த்தது. அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இடுப்பு வளைந்தது. ஒரு தோள் இறங்கியது. இல்லாத தொரட்டிக் கம்பை இடது கை பிடித்துக்கொண்டது. மூன்று தரம் இருமி, தொண்டையைக் காறி, மூக்கால் பேசினான்.

"கல்லு மரத்துக்கு இந்தா இங்கிட்டுத்தான் சாமி கெடந்துச்சு..."

மூக்கனே எழுந்து வந்துவிட்டது போல இருந்தது. கோர்ட் அதிர்ந்தது. சிரிப்பில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மீனம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவள் புஞ்சையில் முப்பது வருஷம் ஆடு மேய்த்தவன் அல்லவா, பாவம். பெரியண்ணன் அந்தச் சிரிப்பு ஓயும்வரை கையை இறக்கவில்லை. நீட்டிய வலது கை, வெயில் விழாத மேற்கு ஜன்னலை நேராகக் காட்டியபடி நின்றது.

ஆத்மநாதன் பார்த்தார். எட்டு வருஷத்தில் அவர் நிமிர்ந்து பார்த்த முதல் சாட்சி. பார்த்ததை எழுதினார்.

வாக்குமூலத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். ஆத்மநாதன் ஒரே குரலில் வாசித்தார். "...கெடந்துச்சு, அடைப்புக்குறிக்குள், இந்த இடத்தில் சாட்சி இறந்துபோன மூக்கனைப் போல இருமி, வலது கையை நீட்டி, மேற்கு ஜன்னலைக் காட்டுகிறார்."

பெரியண்ணன் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நானா காட்டுனேன்?"

"நீங்கதாங்க."

"மேக்கயா?"

"அந்தா, அந்த ஜன்னலுங்க" என்றார் ஆத்மநாதன். கூடியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

வக்கீல் துள்ளி எழுந்தார். "கனம் கோர்ட்டார் கவனிக்க வேண்டும். இது வெறும் நடிப்பு. ஒருவரைப் பார்த்து நடிக்கும்போது தப்பு வருவது சகஜம். என் கட்சிக்காரர் மூக்கனைச் சரியாக நடிக்கவில்லை. பெரியண்ணன், நீர் நடித்தது தப்புத்தானே? தப்பென்று சொல்லும்."

பெரியண்ணன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். பின்னாலிருந்து எவனோ, "என்னண்ணே, நடிப்புல தப்பாமே!" என்று குரல் கொடுத்தான்.

"எதுலங்க தப்பு?" என்றான் பெரியண்ணன். முகம் சிவந்துவிட்டது. "கெணத்தைப் பத்தி என்ன வேணாலும் பேசுங்க. என் நடிப்புல கையை வைக்காதீங்க. மூக்கன்னா மூக்கன்தான். இருமல் மூனு, அதுல மூனாவது இழுத்து இருமணும், இருமுனேனா இல்லையா? தோளு எறங்குச்சா இல்லையா? அச்சு மாறாம நடிச்சிருக்கேன். அவம் பொஞ்சாதி ராக்காயி பின்னாலதான் நிக்கிது, கேட்டுப் பாருங்க!"

"கையும் அப்படித்தான் காட்டினானா?" என்றார் முன்சீப், மெல்ல.

"பின்ன? நானா எதுவும் சேத்ததே கெடையாது சாமி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. வக்கீல் பொத்தென்று உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைச் சுருட்டத் தொடங்கினார்.

"எழுதினீரா?" என்று முன்சீப் கேட்டார்.

"எழுதிட்டேனுங்க. 'அச்சு மாறாம'ங்கிறதையும் எழுதிட்டேன்."

மேல்கோர்ட்டில் மீனம்மாளுக்குக் கிணறு உறுதியானது. அந்தச் சேதி வந்த அன்று அவள் ஒரு சொளகு நிறைய வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவந்து கோர்ட் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பெரியண்ணனும் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கவில்லை. கோர்ட்டையே மூக்கனாக நின்று சிரிக்க வைத்தவன் என்று இலுப்பூர் சந்தைவரைக்கும் பேர் பரவிவிட்டது.

ஆத்மநாதனுக்குத்தான் ஒரு தகவலும் இல்லை. "நான் பாக்கலைங்க" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவனுக்கு முன்சீப் என்ன நல்ல குறிப்பு எழுதிவிடப் போகிறார் என்று சொர்ணவல்லி பேச்சையே நிறுத்திவிட்டாள். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி ஆனது. அவர் வழக்கம்போல ஆபீசுக்குப் போனார், குனிந்தார், எழுதினார்.

ஒருநாள் மத்தியானம் திருப்பதி ஒரு கட்டு உத்தரவுகளைக் கொண்டுவந்து அவர் மேஜையில் போட்டார். "எல்லாத்துக்கும் ஒவ்வொரு நகல். சீக்கிரம்." ஆத்மநாதன் வரிசையாக எழுதி முடித்தார். பிறகு இரண்டு பேரும் ஒத்துப் பார்க்க உட்கார்ந்தார்கள். அசலைத் திருப்பதி உரக்க வாசிப்பார். நகலில் அதே சொல் இருக்கிறதா என்று பார்த்து ஆத்மநாதன் பென்சிலால் டிக் போட வேண்டும். புரை விழுந்த கண்ணுக்கு அன்றைக்கு அசல் எப்படித் தெரிந்ததோ, மனுஷர் தடுமாறாமல் வாசித்தார். நாலைந்து உத்தரவு முடிந்து அடுத்ததை எடுத்தார்.

"'கண்ணால் காணாததை'," என்றார் திருப்பதி.

டிக்.

"'கண்டதாக எழுத மறுத்ததால்'."

டிக், டிக், டிக்.

"'தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் மறுத்ததால்', 'முன்சீப் அவர்களின் சிபாரிசை ஏற்று', 'மேற்படி நபர்'." திருப்பதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "'இன்று முதல்', 'நிரந்தரக் குமாஸ்தாவாக', 'நியமிக்கப்படுகிறார்'."

டிக் போட்டுவிட்டு ஆத்மநாதன் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "அடுத்ததுங்க" என்றார்.

"அடுத்தது ஒன்னுமில்லைய்யா, கூறுகெட்ட மனுசா. அந்த மேற்படி நபரு யாருன்னு மேல பாரு."

ஆத்மநாதன் பார்த்தார். தன் கையெழுத்திலேயே தன் பெயர் இருந்தது. சற்றுமுன் அதை எழுதியதே அவர்தான். மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு தரம் படித்தார், பிறகு மறுபடியும் படித்தார். கண்ணில் முட்டியது பொலபொலவென்று தாளில் விழுந்து, மை நாலா பக்கமும் ஓடியது.

"போச்சு" என்றார் திருப்பதி, துண்டால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. "வேற நகல் எழுது."

ஆத்மநாதன் புதுத் தாள் எடுத்து மறுபடி எழுதினார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் படித்துப் படித்து எழுதினார். எட்டு வருஷத்தில் அவர் எழுதிய நகல்களிலேயே அந்த ஒன்றில்தான் மூன்று பிழைகள் இருந்தன.